தும்மல் நோயும் சங்கத்தின் கடமையும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

ஒருவர் தும்மினால் ‘நூறாயுசு’ என்று வாழ்த்துவதும், வெளியே புறப்படும் வேளையில் யாரேனும் தும்மிவிட்டால் சகுனத் தடை என்று சற்று உட்கார்ந்துவிடுவதும் நம் நாட்டு வழக்கம். ஒரு தும்மலுக்கு இத்தனை மரியாதை உண்டு. ஆனால் விடியற்காலையில் தறியில் அமர்ந்தவர் இருபது, முப்பது என்று அடுக்கடுக்காகத் தும்மி, கண் சிவந்து, மூக்கொழுகி, இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியாமல் எழுந்து போனால், அவரை வாழ்த்துவார் இல்லை. ‘சோம்பல்’ என்ற ஒரே சொல்லில் அவர் கதை முடிக்கப்பட்டுவிடுகிறது.

சங்கங்களின் கணக்குகளைச் சோதிக்கும் பணியில் உள்ளவன் என்ற முறையில், உற்பத்திக் குறைவுக்கு எழுதப்படும் காரணங்களை நான் தொடர்ந்து படித்து வருகிறேன். நூல் வரத்தில் தாமதம், சாயத்தில் கோளாறு, துணித் தேக்கம், அடைமழை, குடும்ப விசேஷம் என்று பல காரணங்கள் எழுதப்படுகின்றன. தும்மல் நோய் என்று எழுதப்பட்டதை எந்தப் பேரேட்டிலும் கண்டதில்லை. விவசாய அங்கத்தினர்களிடையேயும் நிலைமை இதுவே. களை எடுக்கவும் தானியம் தூற்றவும் ஆள் வராத நாட்களுக்குக் காரணம் கேட்பாரும் இல்லை, குறிப்பாரும் இல்லை. எழுதப்படாமையால் ஒரு காரணம் இல்லாமற் போய்விடாது. இந்நோயைத் தனி மனிதரின் உடற்குறை என்று ஒதுக்கிவிடாமல், நம் சங்கங்கள் தம் அலுவல்களில் ஒன்றாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து.

நோயின் தன்மை

ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயர் ‘வைக்கோல் காய்ச்சல்’. அப்பெயரில் இரண்டு பிழைகள் உள்ளன. வைக்கோல் இதற்கு மூலகாரணமன்று. காய்ச்சலும் இதில் இராது. நம் வைத்தியர்கள் பீனிசம் என்ற பிரிவில் இதனை அடக்கினர். இக்கால மருத்துவர்கள் ஒவ்வாமை மூக்கழற்சி என்கின்றனர். நாம் தும்மல் நோய் என்றே சொல்லிக்கொள்வோம்.

1819-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர், கோடைதோறும் தம் கண்ணும் மூக்கும் மார்பும் படும் பாட்டை மருத்துவர் சபை ஒன்றில் விவரித்தார். 1828-இல் அவர் மீண்டும் எழுதியபோது, அவரால் திரட்ட முடிந்த நோயாளிகள் 28 பேரே. நோயின் காரணத்தைத் துலக்கியவர் சார்லஸ் பிளாக்லி என்பவர். பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன மான்செஸ்டர் நகரத்து மருத்துவரான இவரும் இந்நோயால் வருந்தியவரே. புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கிலும் கண்ணிலும் தோலிலும் இட்டுச் சோதித்தார். பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளைக் காற்றாடியில் கட்டி வானில் ஏற்றி, அங்கே எவ்வளவு மகரந்தம் பறக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். 1873-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

அக்காலத்தில் இது கனவான்களின் நோய் என்றும், வயலில் உழைப்பவரை அணுகாது என்றும் ஒரு நம்பிக்கை நிலவியது. மருத்துவரிடம் செல்ல வசதியுள்ளவரின் நோயே எண்ணிக்கையில் ஏறும் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். அந்த நம்பிக்கையின் நிழல் நம் ஊர்களில் இன்னும் விலகவில்லை. ‘உழைக்கிறவன் உடம்புக்குத் தூசி என்ன செய்யும்?’ என்று கேட்பவர் பலர். தூசி ஆளைப் பார்த்து வருவதில்லை.

நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஒரு காவல் அமைப்பு உண்டு. சிலருடைய உடலில் அக்காவல், தீங்கற்ற மகரந்தத்தையும் தூசியையும் பகையென்று எண்ணிவிடுகிறது. சருகு அசைந்தாலும் கள்வன் என்று கூவி ஊரைக் கூட்டும் களத்துக் காவற்காரனைப் போல, ஹிஸ்டமின் முதலான பொருள்களை அது வெளிவிடுகிறது. அவற்றின் விளைவே தும்மல், நீரொழுக்கு, மூக்கடைப்பு, கண் அரிப்பு யாவும். இத்தகைய மாறுபட்ட எதிர்வினைக்கு ‘அலர்ஜி’ என்ற பெயரை 1906-இல் வழங்கியவர் வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. இதில் நோயாளியின் குற்றமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

தூசி வரும் வழிகள்

கண்ணைக் கவரும் செம்பருத்தியும் தாமரையும் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாவதில்லை. அவற்றின் மகரந்தம் கனமும் பிசுக்கும் உடையது. பூச்சிகளே அதனைச் சுமந்து செல்லும். காற்றையே தூதாகக் கொண்ட, அழகற்ற சிறு பூக்களே தொல்லை தருவன. அறுகு முதலிய புல்வகைகள், சோளம், கம்பு, தென்னை, சவுக்கு, சீமைக் கருவேலம் ஆகியவை இவ்வகையில் மருத்துவர்கள் கண்டறிந்தவை. பல மகரந்தத் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பது முதல் ஐம்பது வரை வரிசையாக அடுக்கிவிடலாம்.

இவை அனைத்திலும் நாம் கூட்டாக நின்று எதிர்க்க வேண்டியது பார்த்தீனியச் செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இக்களை, 1955-ஆம் ஆண்டளவில் புனா நகரில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. இறக்குமதியான தானியத்துடன் கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. முளைத்த ஒரு மாத அளவிலேயே பூக்கத் தொடங்கும். ஒரே செடி 10,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. இதன் மகரந்தம் தும்மலையும், செடியைத் தொடுதல் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். கால்நடைகளுக்கும் ஆகாது. இதன் இலையைத் தின்னும் மெக்சிகோ நாட்டு வண்டு ஒன்று 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் அவ்வண்டுகள் இச்செடியில் மொய்த்திருக்கக் கண்டால், அவற்றை அழிக்காமல் விட்டுவிடுதல் நலம்.

வீட்டினுள்ளும் தூசிக்குக் குறைவில்லை. பாய், தலையணை, கம்பளி ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழ்கின்றன. கரப்பானின் எச்சமும், ஈரச் சுவரில் படரும் பூஞ்சணமும் ஒவ்வாதவை. தறிவீட்டுக்கென்று தனித் தொல்லையும் உண்டு. சிட்டத்தை உதறும்போதும், ராட்டையில் தார் சுற்றும்போதும், கஞ்சி காய்ந்த பாவைத் தறியில் ஏற்றும்போதும் பஞ்சுப் பொடியும் கஞ்சிப் பொடியும் பறக்கின்றன. ‘சன்னலைத் திறந்து வையுங்கள்’ என்று நகரத்தார் எளிதில் சொல்லிவிடலாம். உலர்ந்த காற்று பட்டால் இழை அறும் என்பதற்காகவே நெசவாளர் சன்னலைச் சாத்துகிறார். குழித்தறியின் ஈரம் இழைக்கு அனுகூலம், பூஞ்சணத்துக்கும் அனுகூலம். ஆகவே தறிக்கூடத்தைத் திறந்து வைக்கச் சொல்வதைவிட, சிட்டம் உதறுவதையும் தார் சுற்றுவதையும் அக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவருவதே நடைமுறைக்கு ஏற்ற வழியாகும்.

பிரித்தறிய வேண்டியவை

தும்மல் எல்லாம் ஒரே நோயன்று. சாதாரணச் சளி ஒரு வாரம் பத்து நாளில் தணியும். தும்மல் நோய் குறிப்பிட்ட பருவத்திலோ, குறிப்பிட்ட வேலையின் போதோ திரும்பத் திரும்ப வரும். அதில் அரிப்பு மிகுதி, காய்ச்சல் இல்லை.

பூஞ்சணம் பிடித்த வைக்கோலையோ தானியத்தையோ கிளறிய சில மணி நேரத்துக்குப் பின் குளிர்காய்ச்சலும், இருமலும், மூச்சுத் திணறலும் வருமாயின் அது வேறு. ‘உழவர் நுரையீரல்’ என்று மருத்துவர்கள் கூறும் அந்நோய் நுரையீரலையே கெடுத்துவிடக் கூடியது. பஞ்சாலைகளில் வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பை இறுக்கிப் பிடிப்பது மற்றொரு நோய். ‘பிசினோசிஸ்’ எனப்படும் அதற்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம் தரப்பட்டது. பஞ்சைக் கடையும் இடத்தில் அது மிகுதி, நெசவில் குறைவு. எனினும் வீட்டில் இருந்து நூல் வேலை செய்பவருக்கு அத்தகைய சட்டக் காவல் எட்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், காசநோயா என்று அறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். மூச்சில் ‘விசில்’ போன்ற ஒலி கேட்டாலும், இரவில் மூச்சு முட்டினாலும் தாமதிக்கலாகாது. தும்மல் நோய் உள்ளவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் உடன் காணப்படுகிறது.

வைத்திய முறை

இந்நோயை அடியோடு போக்கும் எளிய மருந்து இல்லை. அடக்கி வைத்து, வேலையைக் குறைவின்றிச் செய்ய வழிகள் உண்டு. முதல் வழி செலவற்றது. நன்கு கொதிக்க வைத்து ஆறிய நீர் ஒரு தம்ளரில், கால் முதல் அரைத் தேக்கரண்டி வரை உப்புக் கரைத்து, மூக்கைக் கழுவுதல். கொதிக்காத நீரை ஒருபோதும் மூக்கில் ஏற்றக் கூடாது. அதில் உள்ள கிருமியால் உயிருக்கே ஆபத்து நேரலாம். வேலை முடிந்தவுடன் முகம் கழுவி, குளித்து, உடை மாற்றிக்கொண்டு படுக்கைக்குச் செல்லுதல் நலம்.

அடுத்தது மாத்திரை. ஹிஸ்டமினை எதிர்க்கும் மருந்துகளை ஆராய்ந்த டேனியல் போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். பழைய வகை மாத்திரைகளான பெனிரமின், குளோர்பெனிரமின் ஆகியவை தும்மலை நிறுத்தும்; கூடவே தூக்கத்தையும் தரும். தூக்கக் கலக்கத்தில் கிணற்று மேட்டில் நிற்பதும், மோட்டார் பட்டையருகில் கை நீட்டுவதும், விசைத்தறி ஓட்டுவதும் எத்தகைய விபரீதத்தில் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லோராடடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதுவகை மாத்திரைகளில் இத்தூக்கம் மிகக் குறைவு. கடையில் ‘தும்மலுக்கு ஒரு மாத்திரை’ என்று மட்டும் கேட்பவர், தம் கையில் விழுவது எவ்வகை என்பதை அறியாமலேயே விழுங்கிவிடுகிறார்.

நாள்தோறும் தொல்லைப்படுவோருக்கு மருத்துவர்கள் முதன்மையாகக் கருதுவது மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்து. இது தெளித்தவுடன் முழுப்பலன் தராது. சில நாட்கள் தவறாமல் தெளித்த பின்னரே குணம் தெரியும். ‘இரண்டு நாள் அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை’ என்று எறிந்துவிடுவது காசை எறிவதாகும். மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்து வேறு வகை. அதனை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தே அடைப்பை உண்டாக்கிவிடும். சில ஊர்களில் பெயரில்லாப் பொட்டலத்தில் மாத்திரையும், ‘ஒரே ஊசியில் ஒரு வருஷம்’ என்ற வாக்குறுதியும் விற்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலும் மறைந்திருப்பது ஸ்டீராய்டு. தக்க மேற்பார்வையின்றி உடலினுள் செலுத்தப்படும் அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றி, எலும்பைத் தேய்த்துவிடும். ஒவ்வாத பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கும் முறையும் உண்டு. 1911-இல் லண்டனில் லெனார்ட் நூன் தொடங்கிவைத்த இம்முறைக்குச் சிறப்பு மருத்துவரும், மூன்று முதல் ஐந்து ஆண்டுப் பொறுமையும் தேவை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்டே கொள்ளல் வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

‘இவையெல்லாம் வைத்தியசாலையின் வேலை, சங்கத்துக்கு என்ன சம்பந்தம்?’ என்று கேட்பாரும் உளர். 1844-இல் ராச்டேல் நகரில் 28 பேர் கூடித் தொடங்கிய சங்கத்தை நாம் கூட்டுறவின் வழிகாட்டி என்று போற்றுகிறோம். அதன் சிறு கடையில் முதலில் விற்ற பொருள்கள் மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்றவையே. கலப்படம் மலிந்திருந்த காலத்தில் சுத்தமான உணவுப் பொருளை அங்கத்தினருக்குக் கொடுப்பதை அவர்கள் தம் கடமையாகக் கொண்டனர். ஆகவே அங்கத்தினரின் உடல்நலம் கூட்டுறவுக்குப் புதிய அலுவலன்று. பிறக்கும்போதே உடன் பிறந்த அலுவல்.

இன்னொரு காரணமும் உண்டு. தனித்து நின்று இந்நோயை ஒருவர் வெல்ல முடியாது. தம் வயலின் பார்த்தீனியத்தை ஒருவர் வேரோடு பிடுங்கினாலும், பக்கத்து வரப்பிலும் சாலையோரத்திலும் நிற்பவை விதையையும் மகரந்தத்தையும் அவர் வயலுக்கே அனுப்பும். வரப்பு நீருக்குத்தான் தடை, காற்றுக்கு அன்று.

எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், ஓர் அங்கத்தினரின் உற்பத்தி ஆண்டுதோறும் கார்த்திகை முதல் தை வரை சரிந்து, மாசியில் நிமிர்ந்து வந்தது. ‘ஊக்கக் குறைவு’ என்று நிர்வாகக் குழு குறித்திருந்தது. விசாரித்ததில் அவர் திடகாத்திரமானவர் என்பது தெரிந்தது. நோய் அவர் மனைவிக்கு. தார் சுற்றித் தருபவர் அந்த அம்மையாரே. மழைக்குப் பின் வீட்டின் பின்புறம் பார்த்தீனியம் பூக்கும் மாதங்களில் அவரால் ராட்டையருகே உட்கார முடியவில்லை. தார் இல்லாமல் நாடா ஓடாது. சங்கத்துப் பேரேட்டில் கணவர் பெயர் மட்டுமே இருந்தது. நோயுற்றவர் பெயர் எங்கும் இல்லை. நம் ஊர்களில் தார் சுற்றுவோரும் களை எடுப்போரும் தானியம் புடைப்போரும் பெரும்பாலும் பெண்கள். தூசி முதலில் விழுவது அவர்கள் மீது. அங்கத்தினர் பதிவேட்டில் அவர்களுள் பலர் பெயர் இல்லை. அவர்களைக் கணக்கில் கொள்ளாத எந்தத் திட்டமும் பாதித் திட்டமே.

ஆதலால் நம் சங்கங்களின் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, நெசவாளர் குடியிருப்புகளில் தார் சுற்றவும் சிட்டம் உதறவும், கூரை மட்டும் உள்ள திறந்த கொட்டகை ஒன்று பொதுவில் அமைத்தல். தறிக்கூடத்தில் விளக்குமாற்றால் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பதை வழக்கமாக்குதல்.

இரண்டாவது, விவசாயச் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஊராட்சியுடன் கூடி, பருவமழை தொடங்கிய சில வாரங்களில் ஒரு நாளைக் குறித்து, பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு களைதல். மண் ஈரமாய் இருக்கும்போது எளிதில் வரும். கையுறையும் முகக்கவசமும் இன்றி யாரும் இறங்கலாகாது. ஒவ்வாமை உள்ளவர்கள் அன்று வேறு பணி பார்க்கட்டும். ஒரு முறை களைந்து நிறுத்திவிட்டால் பயனில்லை. மண்ணில் கிடக்கும் விதை மறுபடி முளைக்கும்.

மூன்றாவது, முகக்கவசத்தையும் கண்ணாடியையும் சங்கக் கடையில் மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்குக் கொடுத்தல். தோளில் உள்ள துண்டை முகத்தில் சுற்றுவது ஒன்றுமில்லாமைக்கு மேல். முகத்தோடு பொருந்தும் என்-95 கவசம் அதனினும் மேல்.

நான்காவது, ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவரை வரவழைத்து, அங்கத்தினரையும் அவர்கள் வீட்டில் வேலை செய்யும் அனைவரையும் பரிசோதிக்கச் செய்தல். துணைவிதிகள் இடம் கொடுக்கும் அளவில் பொதுநல நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாம்.

ஐந்தாவது, செலவே இல்லாத ஒன்று. உற்பத்தி குறையும்போது ‘ஊக்கக் குறைவு’ என்று எழுதுவதற்கு முன், எந்த மாதத்தில் குறைகிறது, எந்த வேலையில் குறைகிறது, அவ்வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்து எழுதுதல். மூன்றாண்டுப் பேரேட்டை அருகருகே வைத்துப் பார்த்தால் பருவ நோயின் சுவடு அதிலேயே தெரியும்.

பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானதே. கொட்டகைக்குப் பணம் வேண்டும். மற்றவற்றுக்கு வேண்டியது பெரும்பாலும் ஏற்பாடு. ஒரு நெசவாளர் குடும்பம் ஆண்டுக்குச் சில வாரம் இழக்கும் கூலியையும், போலி ஊசிக்கும் பொட்டல மாத்திரைக்கும் கொடுக்கும் காசையும், தூக்க மாத்திரையால் பாழாகும் துணியையும் கூட்டிப் பார்க்கும் சங்கம், எது செலவு, எது நஷ்டம் என்பதைத் தானே உணர்ந்துகொள்ளும்.

அடுத்து வரும் பேரவைக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனை ஓர் அயிட்டமாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் எழுத்து மூலம் கேட்பார்களாக. தலைவர்களும் செயலாளர்களும் அதனைச் சிரித்துத் தள்ளாமல் விவாதத்துக்கு எடுப்பார்களாக. ஐப்பசி மழை வருமுன் அத்தீர்மானம் நிறைவேறிவிட்டால், வரப்பில் நிற்கும் செடியைப் பூக்குமுன் களைய நமக்கு நாள் இருக்கும்.